டெஸ்க்டாப் பிராசஸரா, சர்வர் பிராசஸரா: 16 கோரில் நான் பட்ட பாடு

நேற்று இரவு சர்வர் பிராசஸர் பெட்டியில் ஓட விட்ட கேஸ் (ஒரு காற்றோட்டக் கணக்கு) காலையில் எழுந்து பார்த்தபோது முடிந்திருந்தது. எடுத்த நேரம் 4 மணி 10 நிமிடம். இதே கேஸ் என் டெஸ்க்டாப்பில் 9 மணி 40 நிமிடம் ஓடும். இரண்டு பெட்டியிலும் 16 கோர்தான் (கோர் என்றால் பிராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பிரிவு). இந்த வித்தியாசத்துக்காக ஐந்து மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். நடுவில் செய்த தவறுகள் மறந்து போவதற்குள் வரிசையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் வேலை, பெட்டிகளுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் விசிறிக் காற்று எப்படி ஓடுகிறது என்று ஓபன்ஃபோம் என்ற மென்பொருளில் கணக்குப் போடுவது. வழக்கமான கேஸ் 1 கோடியே 20 லட்சம் செல் (காற்று ஓடும் இடத்தைக் கூறு போட்ட சிறு கட்டங்கள்), அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்ப 3000 சுற்று. டெஸ்க்டாப்பில் இருப்பது ஏஎம்டி ரைசன் 9 5950எக்ஸ்: 16 கோர், பூஸ்டில் 4.9 கிகாஹெர்ட்ஸ். கூடவே டிடிஆர்4-3200 மெமரி, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு. வாங்கிய நாளில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் இருந்தது.

முதல் தவறு அந்த டெஸ்க்டாப்பிலேயே நடந்தது. 3 கோடி செல்லில் ஒரு கேஸ் வந்தது, 32 ஜிபி போதவில்லை. அதே மாதிரி ஸ்டிக் இன்னும் இரண்டு வாங்கிச் செருகி 64 ஜிபி ஆக்கினேன். பெரிய கேஸ் ஓடியது, சந்தோஷம். ஆனால் அடுத்த வாரம் பழைய 1.2 கோடி கேஸை ஓட்டினால் 11 மணி 30 நிமிடம்! மெமரியைக் கூட்டியதும் கணக்கு மெதுவாகிவிட்டது. முதலில் சூடு என்று நினைத்துக் கூலரைக் கழற்றித் துடைத்து, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாக வைத்தேன். வெப்பம் 4 டிகிரி குறைந்தது, நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அப்புறம்தான் போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் மெமரி வேகத்தைப் பார்த்தேன். 2667 என்று இருந்தது. இந்த வகைப் பிராசஸரில் இரண்டு ரேங்க் ஸ்டிக் (மெமரிச் சில்லுகள் இரண்டு தொகுதியாக இருப்பது) நான்கு போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகமே 2667தான். இரண்டு போட்டால்தான் 3200. ஸ்பெக் அட்டவணையிலேயே இருக்கிறது, நான்தான் வாங்குவதற்கு முன் பார்க்கவில்லை. கையால் 3200 வைத்துப் பார்த்தேன். ஓடியது, ஆனால் இரண்டாம் நாள் நடுக் கணக்கில் சால்வர் (கணக்குப் போடும் நிரல்) விழுந்தது. விட்டுவிட்டேன்.

அந்தச் சறுக்கல்தான் கண்ணைத் திறந்தது. மெமரி வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் கணக்கும் ஏறக்குறைய அதே அளவு மெதுவாகிறது என்றால், கோர்கள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கின்றன? இரண்டு ஸ்டிக்குக்குத் திரும்பி, ஒரே கேஸை 100 சுற்று மட்டும் வெவ்வேறு கோர் எண்ணிக்கையில் ஓட்டி எழுதினேன். ஒரு கோரில் 58 நிமிடம். இரண்டில் 33. நான்கில் 22. ஆறில் 20. எட்டில் 19½. பதினாறில் 19⅓. ஆறுக்கு மேல் கோடு அப்படியே படுத்துவிட்டது. அதாவது நான் வாங்கிய 16 கோரில் 10 கோர் மெமரி வாசலில் வரிசையில் நின்றிருந்தன. ஒரு மாலை நேரச் சோதனை இது. பிராசஸர் வாங்குவதற்கு முன் யாருடைய இயந்திரத்திலாவது செய்து பார்த்திருக்கலாம்.

கணக்கு எளிது. டெஸ்க்டாப் பிராசஸருக்கு மெமரிச் சேனல், அதாவது மெமரியிலிருந்து தரவு வரும் பாதை, இரண்டு. டிடிஆர்4-3200 இல் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டும் சேர்ந்து 51.2. இதற்கு மேல் எத்தனை கோர் வைத்தாலும் தண்ணீர் வரும் குழாய் அதேதான்.

சரி, என்ன வாங்குவது? மூன்று வாரம் இதிலேயே போனது. டிடிஆர்5 டெஸ்க்டாப்புக்கு மாறலாம் என்றால் அங்கேயும் இரண்டு சேனல்தான். 5200 வேகத்தில் 83.2 ஜிபி. பரவாயில்லை, ஆனால் போர்டு, மெமரி, பிராசஸர் எல்லாம் புதிது வாங்கி இவ்வளவுதானா என்று தோன்றியது. அதோடு நான்கு ஸ்டிக் போட்டால் வேகம் குறையும் கதை அங்கே இன்னும் மோசம். ரைசன் 7000 வரிசைக்கு நான்கு ஸ்டிக்கில் ஏஎம்டி சொல்லும் வேகம் 3600. இன்டெல் ஜியான் டபிள்யூ-2400 வரிசையில் டிடிஆர்5-4800 நான்கு சேனல், 153.6 ஜிபி. மனசுக்குப் பிடித்தது, பைக்குப் பிடிக்கவில்லை.

பயன்படுத்திய சந்தையில் இரண்டு ஏஎம்டி பிராசஸர்கள் கண்ணில் பட்டன. த்ரெட்ரிப்பர் ப்ரோ 3955டபிள்யூஎக்ஸ், 16 கோர், எட்டு சேனல், 4.3 கிகாஹெர்ட்ஸ். சர்வருக்கான எபிக் 7302, அதுவும் 16 கோர், எட்டு சேனல், ஆனால் 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். யாரைக் கேட்டாலும் முதலாவதைத்தான் கைகாட்டுவார்கள். நானும் ஏறக்குறைய வாங்கிவிட்டேன். தடுத்தது எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) அளவு. த்ரெட்ரிப்பருக்கு 64 எம்பி, எபிக்குக்கு 128. பிராசஸருக்குள் கோர்களைத் தாங்கும் சில்லுகள் இரண்டிலும் ஒரே தலைமுறை, ஒவ்வொரு சில்லிலும் 32 எம்பி. அப்படியென்றால் முதலாவதில் கோர்ச் சில்லு இரண்டு, இரண்டாவதில் நான்கு. இந்த வடிவமைப்பில் ஒவ்வொரு சில்லும் நடுவில் இருந்து மெமரியோடு பேசும் ஐஓ சில்லிலிருந்து ஒரு கடிகாரத் துடிப்புக்கு 32 பைட் வாசிக்கும். 1.6 கிகாஹெர்ட்ஸில் அது 51.2 ஜிபி. எட்டு சேனல் வெளியே 204.8 ஜிபி கொட்டினாலும் இரண்டு சில்லு வாங்கிக்கொள்வது 100 சொச்சம்தான். நான்கு சில்லு இருந்தால்தான் ஏறக்குறைய முழுதும் வாங்க வாய் இருக்கும். கோர் எண்ணிக்கை, சேனல் எண்ணிக்கை இரண்டும் ஒரே மாதிரி எழுதியிருக்கும் இரண்டு பெட்டிகளில் இவ்வளவு பெரிய வேறுபாடு ஒளிந்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. எபிக் 7302 வெளியானது 2019 இல், என் டெஸ்க்டாப் பிராசஸர் 2020 இல். பழையதை வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது கிடைத்த பார்வையை இங்கே எழுத முடியாது.

விற்றவரிடம் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டேன்: இது எந்த மாதிரி சர்வரிலிருந்து கழற்றியது? சில சர்வர் தயாரிப்பாளர்கள் எபிக்கை முதல் தடவை இயக்கும்போதே தங்கள் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் வேறு போர்டில் அது எழாது, திறக்கவும் வழியில்லை. வேறு தயாரிப்பாளரின் சாதாரண போர்டில் எழுந்து பயாஸ் காட்டும் வீடியோவை அனுப்பிய பிறகுதான் பணம் கொடுத்தேன். இந்த ஐந்து மாதத்தில் நான் முன்யோசனையோடு செய்த ஒரே காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

செலவு பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொத்தத்தை 100 பங்கு என்று வைத்தால் பிராசஸர் 18, போர்டு 36, மெமரி 28, பவர் சப்ளை 11, கூலர் 7. பிராசஸர் மலிவு என்று பார்த்துப் பாய்ந்தவன் போர்டு விலையில் தடுமாறினேன். சர்வர்கள் ஓய்வு பெறும்போது பிராசஸர்கள் குவியல் குவியலாக வெளியே வருகின்றன, ஆனால் சாதாரணக் கேபினெட்டில் பொருந்தும் ஏடிஎக்ஸ் அளவுப் போர்டுகள் அப்படி வருவதில்லை. பவர் சப்ளையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் போர்டு 8 முனைப் பிராசஸர் கேபிள் இரண்டு கேட்டது, பழையதில் ஒன்றுதான்.

மெமரியில் மிச்சம் பிடிக்கப் பார்த்து அடுத்த தவறு. டெஸ்க்டாப்பில் கழற்றிய இரண்டு ஸ்டிக் சும்மா கிடந்தனவே, முதலில் அவற்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று செருகினேன். டிடிஆர்4 இல் டெஸ்க்டாப் ஸ்டிக்கான யூடிமும் சர்வர் ஸ்டிக்கான ஆர்டிமும் 288 முனைதான், வெட்டு இருக்கும் இடமும் ஒன்றுதான், அழகாக உட்கார்ந்தது. திரை மட்டும் கறுப்பு. த்ரெட்ரிப்பர் ப்ரோ யூடிமையும் ஏற்கும் என்று படித்திருந்ததை எபிக்குக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டேன். எபிக்குக்கு ஆர்டிம் அல்லது எல்ஆர்டிம் (இன்னொரு சர்வர் வகை) தான். எதுவும் கருகவில்லை, அந்த மட்டில் தப்பித்தேன். (டிடிஆர்5 இல் இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில், உள்ளேயே போகாது. நல்ல காரியம்.)

16 ஜிபி ஆர்டிம் நான்கு வாங்கினேன். நான்கு மட்டும் போடும்போது கையேடு சொல்லும் சி, டி, ஜி, எச் துளைகளில் போட வேண்டும், வரிசையாக முதல் நான்கில் அல்ல. போட்டு, பவர் பட்டனை அழுத்தி, பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திரையில் ஒன்றுமில்லை. மூன்றாவது நிமிடத்தில் பொறுமை போய் அணைத்துவிட்டேன். இப்படி நான்கு தடவை. ஐந்தாவது தடவை எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தபோது பயாஸ் திரை நின்றுகொண்டிருந்தது. முதல் தடவை மெமரியைப் பழக்கிக்கொள்ள அதற்கு அவ்வளவு நேரம் வேண்டுமாம். பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. டெஸ்க்டாப்பின் 15 நொடி பழகிய கைக்கு அதுவே யுகம்தான்.

ஆனால் திரையில் 64 ஜிபிக்குப் பதில் 48 ஜிபி. ஸ்டிக்குகளை இடம் மாற்றினேன், 48தான். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஜி துளை காலி என்றே காட்டியது. போர்டு போய்விட்டது, 36 பங்கு போச்சு என்று அன்று இரவு தூங்கவில்லை.

காரணம் திருகாணி. இந்த எஸ்பி3 சாக்கெட்டில் 4094 ஊசிகள் போர்டுப் பக்கம் இருக்கின்றன. பிராசஸர் 75.4க்கு 58.5 மில்லிமீட்டர், ஒரு தீப்பெட்டியைவிடப் பெரிய சில்லு (என் டெஸ்க்டாப் பிராசஸர் 40க்கு 40தான்). அதன் மேல் உலோகச் சட்டத்தை மூன்று திருகாணிகள் அழுத்திப் பிடிக்கின்றன. அழுத்தம் ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கத்து ஊசிகள் சரியாகத் தொடாது. அங்கே இருக்கும் மெமரிச் சேனலோ பிசிஐஇ லேனோ (கார்டு, டிரைவுகளுக்கான பாதை) காணாமல் போகும். புது த்ரெட்ரிப்பர் பெட்டியில் 1.5 நியூட்டன் மீட்டர் வந்ததும் 'டக்' என்று விட்டுக்கொடுக்கும் ஸ்க்ரூடிரைவர் கூடவே வரும். பயன்படுத்திய எபிக்கோடு என்ன வரும்? ஒரு பிளாஸ்டிக் டப்பா. நான் சாதாரண டார்க்ஸ் டி20 முனையை வைத்து, உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மெல்லத் திருகியிருந்தேன்.

டார்க் (திருகும் விசை) அளவு வைக்கக்கூடிய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை இரவல் வாங்கினேன். கூலரைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, சட்டத்தில் எழுதியிருக்கும் எண்படி 3, 2, 1 என்று தளர்த்தினேன். சட்டம் ஸ்பிரிங்கில் எழும்பியது. பிராசஸரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், தங்கப் புள்ளிகளில் ஒரு ஓரமாகப் பேஸ்ட் துளி ஒன்று ஒட்டியிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தேன். பிறகு 1, 2, 3 என்ற வரிசையில், முதலில் மூன்றையும் பாதி, அப்புறம் மூன்றையும் 1.5 வரை. நான் கையால் நிறுத்திய இடத்துக்குப் பிறகு ஒவ்வொரு திருகாணியும் ஏறக்குறைய முக்கால் சுற்று போனது. முக்கால் சுற்று! மூடி, இயக்கி, இரண்டு நிமிடம் காத்திருந்தால் 64 ஜிபி. குற்றவாளி திருகாணியா, அந்தப் பேஸ்ட் துளியா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே நேரத்தில் சரி செய்துவிட்டேன்.

கூலர் பற்றி ஒரு வரி. பழைய கூலரின் அடித்தகடு இந்தச் சில்லின் நடுவை மட்டும் மூடும், கோர்ச் சில்லுகளோ ஓரத்தில் இருக்கின்றன. முழுதும் மூடும் தகடு உள்ளதை வாங்குங்கள். பேஸ்ட்டும் பட்டாணி அளவு போதாது. நான் பிளாஸ்டிக் அட்டையால் மெல்லிசாகத் தடவிவிட்டேன்.

முதல் ஓட்டம்: நான்கு ஸ்டிக்கில் 100 சுற்று 13 நிமிடம். டெஸ்க்டாப்பின் 19⅓ இலிருந்து இது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நேரத்தில் விசிறி ஆட்டம் தொடங்கியது. எல்லா விசிறிகளும் திடீரென்று முழு வேகத்தில் அலறும், பத்து நொடியில் அடங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அலறும். சூடு ஒன்றும் இல்லை, 50 டிகிரிகூட வரவில்லை. போர்டில் தனியாக ஒரு மேலாண்மைச் சில்லு இருக்கிறது, பிஎம்சி என்பார்கள். சர்வர் விசிறி என்றால் பல ஆயிரம் சுற்றில் ஓடும் என்பது அதன் எண்ணம். நான் போட்டிருந்த 140 மில்லிமீட்டர் விசிறி அமைதியாக 400 சுற்றில் ஓடினால் 'விசிறி செத்துவிட்டது' என்று முடிவு கட்டி மற்றவற்றை விரட்டுகிறது. விரட்டியதும் இதுவும் வேகமாகிறது, பிழைத்துவிட்டது என்று தளர்த்துகிறது, மறுபடி முதலிலிருந்து. பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐடூல் கட்டளையால் விசிறி வேகத்தின் கீழ் எல்லைகளை 100, 200, 300 என்று இறக்கியதும் அடங்கியது. இதற்குள் இரண்டு விசிறி மாற்றிப் பார்த்திருந்தேன்.

மீதி நான்கு ஸ்டிக்கை இரண்டு மாதம் கழித்துத்தான் வாங்க முடிந்தது. எட்டும் போட்ட அன்று மெமரி வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனையில் டிரையட் என்ற எண் நொடிக்கு 72 இலிருந்து 138 ஜிபிக்குப் போனது. டெஸ்க்டாப்பில் அதே சோதனை 36. கேஸில் 100 சுற்று 9 நிமிடம். பயாஸில் என்பிஎஸ்4 (மெமரியை நான்கு பகுதியாகப் பிரிக்கும் அமைப்பு) வைத்து, கணக்கின் ஒவ்வொரு துண்டையும் அதனதன் கோரோடு கட்டிப் போட்டதும் 8 நிமிடம் 20 நொடி. ஒரே ஒரு கோரில் ஓட்டினால் மட்டும் இங்கே 84 நிமிடம், டெஸ்க்டாப்பில் 58. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நான் இதை வாங்கியே இருக்க மாட்டேன்.

புதிதாக வந்த நான்கில் ஒன்று பழுது. மெமரிப் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி இருப்பதால் கேஸ் விழவில்லை. லாக்கில் 'திருத்தப்பட்ட பிழை' என்று ஒரே ஸ்டிக்கின் பெயரில் வாரத்துக்கு ஐந்தாறு வந்தது. துளை மாற்றினேன், பிழையும் கூடவே நகர்ந்தது. திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். டெஸ்க்டாப்பில் இப்படி ஒரு ஸ்டிக் இருந்திருந்தால் மாதக்கணக்கில் செல்களின் வலையான மெஷ்ஷைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். கணக்கு ஓடும்போது டெஸ்க்டாப் 210 வாட், சர்வர் 245. ஆனால் சீக்கிரம் முடிவதால் ஒரு கேஸுக்கு முன்னது 2 யூனிட், பின்னது 1 யூனிட்டுக்குச் சற்று மேல். சும்மா இருக்கும்போது கதை தலைகீழ்: 58க்கு 92. இந்தப் பெட்டியை இரவும் பகலும் எரிய விட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் காணாமல் போகும்.

டெஸ்க்டாப்பை விற்றுவிடலாம் என்றுதான் தொடங்கினேன். விற்கவில்லை. வரைபடத்தைச் சுத்தம் செய்வது, மெஷ்ஷைத் துண்டு போடுவது இதெல்லாம் ஒரே கோரில் நடக்கும் வேலை. டெஸ்க்டாப்பில் 14 நிமிடம் ஆகும் வேலை சர்வரில் 23. வரையும் மென்பொருளில் மவுஸை இழுத்தால் கையோடு வராமல் பின்னாலேயே வருவது என்னால் தாங்க முடியவில்லை. நிரல் தொகுப்பு, படம் திருத்துவது, விளையாட்டு என்று இருப்பவர்களுக்கு சர்வர் பிராசஸர் வெறும் பாரம். இதன் 128 பிசிஐஇ லேனில் நான் பயன்படுத்துவது ஒரே ஒரு என்விஎம்இ டிரைவுக்கான 4. நாலைந்து கிராபிக்ஸ் கார்டு செருகுகிறவர்களுக்குத்தான் அந்த எண் பேசும்.

அடுத்த தடவை செய்வதானால் பிராசஸரையும் போர்டையும் மெமரியையும் ஒரே இடத்தில், ஓடிக்கொண்டிருந்த தொகுப்பாகவே வாங்குவேன். விலை கொஞ்சம் கூடினாலும் சரி. மெமரி எட்டையும் முதல் நாளே போடுவேன். நான்கில் ஓட்டிய இரண்டு மாதம் சர்வரின் பாதியைத்தான் ஓட்டினேன். டார்க் ஸ்க்ரூடிரைவரை இரவல் வாங்காமல் சொந்தமாக வைத்துக்கொள்வேன். எபிக் 7532 கிடைத்தால் அதைப் பார்ப்பேன், 32 கோர், 256 எம்பி கேஷ். ஆனால் சேனல் எட்டேதான் என்பதால் கோர் இரட்டித்தாலும் நேரம் பாதியாகும் என்று எதிர்பார்க்க மாட்டேன்.

இப்போது டெஸ்க்டாப் இரண்டு ஸ்டிக்கோடு 3200க்குத் திரும்பிவிட்டது. சர்வர் பக்கத்து அறையில், மானிட்டர் இல்லாமல், பெரும்பாலும் அணைந்தே கிடக்கிறது. மெஷ் தயாரானதும் டெஸ்க்டாப்பிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் பிஎம்சி வழியாக அதை எழுப்புகிறது, இரண்டு நிமிடம் காத்திருந்து ஃபைல்களை அனுப்புகிறது, கேஸ் முடிந்ததும் அதுவே அணைத்தும் விடுகிறது. எழும்போது விசிறிகள் ஒரு நான்கு நொடி உறுமும். சுவர் தாண்டி அந்தச் சத்தம் கேட்டால் மெஷ் முடிந்தது என்று தெரிந்துகொள்கிறேன்.